வெள்ளி அரைஞாணோடு ஏறிய எடை

நர்சிங் மூன்றாம் ஆண்டில் குழந்தைகள் நலப் பாடம் தொடங்கிய வாரத்திலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. கைக்குழந்தை எங்கே கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரு பரீட்சை வைக்காமல் இருக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். ஆறில் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். ஒன்பது பத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொரியைப் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பேருந்துகளே மதிக்காத கால அட்டவணை என்ற ஒன்றை, பல் முளைக்காத குழந்தைகள் மதித்து நடக்கின்றன என்பது எனக்குத் தாங்க முடியாத ஆச்சரியமாக இருந்தது.

என் பையில் எப்போதும் ஒரு சிவப்பு உல்லன் பந்து, ஒரு சின்ன மணி, பத்து மரக்கட்டைகள். கட்டைகளைத் தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கி, நானே நகப்பூச்சு அடித்திருந்தேன். சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு காலைப் பேருந்தில் போகும்போது ஒரு நாள், முன் இருக்கையில் தாயின் தோளில் தலை சாய்த்திருந்த ஒரு குழந்தையின் காதுக்குப் பின்னால் மணியை அடித்தேன். குழந்தை அழகாகத் திரும்பியது. அதனுடன் பாதிப் பேருந்தும் திரும்பியது.

"இன்னாம்மா, பூச எதுனா பண்றியா?" என்றார் கண்டக்டர்.

"காது கேக்குதான்னு பாத்தேண்ணா."

"எனுக்கு நல்லா கேக்குது. உள்ள வை."

வீட்டிலும் இதே கதைதான். "பக்கத்து வூட்டுக்காரி ஒன்னப் பாத்தாலே புள்ளையத் தூக்கிக்கினு உள்ள ஓடுறா. படிக்கப் போனியா, புள்ள புடிக்கப் போனியா?" என்றாள் அம்மா, கரும்புக் காட்டிலிருந்து வந்து கால் கழுவியபடி. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் பிடித்துக்கொண்டு நின்றதை நோட்டில் எழுதி, ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்படி இருந்தவளைத்தான் கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மலைக் கிராமம். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி வேன் வடக்கனந்தல் தாண்டி மலையேறி, ஆங்காங்கே எங்களை உதிர்த்துவிட்டுப் போகும். மதியம் திரும்பி வந்து பொறுக்கிக்கொள்ளும். அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்க வேண்டும், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும், ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு விரிவான ஆய்வுக் குறிப்பு எழுத வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் உளுந்தூர்பேட்டைக்காரி. அவள் வீட்டார் நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து லாரிகள் பறப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் என்பதாலோ என்னவோ, அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது. நான் நான்கு குழந்தைகளுக்கு எடை பார்த்து முடிக்கும்போது, அவள் முதல் குழந்தையின் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருப்பாள்.

கிளம்பும் முன்பு எங்கள் மேடம் இரண்டே விஷயங்கள் சொன்னார். எடை பார்க்கும்போது உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. அட்டையில் தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் கூடாது, சுரண்டக் கூடாது. அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து. இரண்டையும் நான் வேகவேகமாக எழுதிக்கொண்டேன். வேகவேகமாக எழுதியதெல்லாம் மண்டையில் ஏறும் என்று யார் சொன்னது?

முதல் வாரமே என் குழந்தை கிடைத்துவிட்டான். ஏழு மாதப் பையன். கண் மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் சிறிதாக இருந்தான். அவன் அம்மாவுக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் அதிகம் இருக்கும். எட்டாவது வரை படித்தவர். பின்னாலேயே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலரை வயது மகள். பையனின் துணியை எல்லாம் கழற்றிய நான், மேடம் சொன்னதை நினைத்து, இடுப்பில் இருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றிலும் கை வைத்தேன். அங்கன்வாடியில் இருந்த அம்மாக்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயோ சிஸ்டர், அதுல கை வெக்காதீங்க," என்றார் அந்த அக்கா. "அரைஞாண் இல்லாத இடுப்ப ஒரு நிமிசம் கூட வுட மாட்டோம். புதுசக் கட்டிட்டுத்தான் பழச அறுப்போம்."

கிராம நர்சம்மா சிரித்தார். வருடக்கணக்காக இந்த மலையில் ஏறி இறங்குபவர் அவர். "கயிறு இன்னா எடை இருக்கப் போவுது? அரைஞாண் இருக்கட்டும், மத்ததெல்லாம் கழட்டுனு வெச்சிக்கோ. இங்க அதான் கணக்கு."

வைத்துக்கொண்டேன். அரைஞாண் இருக்கட்டும், மற்றதெல்லாம் கழற்று. பாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

மெஷின் ஆறு கிலோ நூறு காட்டியது. அட்டையில் புள்ளி பச்சைப் பட்டைக்கு வெகு கீழே, மஞ்சளில் விழுந்தது. நர்சம்மா பழைய புள்ளிகளைப் பார்த்தார். இரண்டு மாதமாகக் கோடு மேலே ஏறாமல் படுத்திருந்தது.

"மூணு வாரம் பாப்போம்மா," என்றார். "ஏறலன்னா கீழ பெரியாஸ்பத்திரில சேத்துடணும். பதினஞ்சு நாளு அங்கயே இருக்கிற மாதிரி வரும். நம்ம வண்டிலயே கூட்டிக்கினு போய்டுவேன்." சொல்லிக்கொண்டே அவருடைய சின்ன நோட்டில் பையனின் பெயரை எழுதினார்.

அந்த அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மரவள்ளி பிடுங்கும் நேரம். வீட்டுக்காரரும் அவரும்தான் காட்டு வேலைக்கு. மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கள்ளக்குறிச்சியில் அவருக்குத் தெரிந்தது பேருந்து நிலையமும் ஒரு ஜவுளிக்கடையும் மட்டும்தான். "மூணு வாரத்துல ஏத்திக் காட்டுறேன் நர்சம்மா," என்றார், ஏதோ கடன் கேட்டவர் மாதிரி.

நான் சும்மா இருப்பேனா? அன்று வேன் வருவதற்குள் அவர் வீட்டுக்கே போய், கஞ்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கச்சேரியே நடத்தினேன். கரண்டியைக் கவிழ்த்தால் ஓடக் கூடாது, உருண்டு விழ வேண்டும். சாமைக் கஞ்சியில் பருப்பை மசித்துச் சேர்க்க வேண்டும். மேலே ஒரு கரண்டி கடலெண்ணெய். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. அந்த அக்கா எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிச் சொன்னார். உளுந்தூர்பேட்டைக்காரி அடுப்படியில் உட்கார்ந்து, அவர் ஊட்டுவதை ஒரு வாய் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் மகளுக்குக் கட்டைகளைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்லி, எட்டு வரை எண்ணிவிட்டேன்.

இரண்டாவது வாரம் போனபோது, அங்கன்வாடி வாசலிலேயே பையன் வருவது கேட்டது. ஜல் ஜல் என்று. தாய்மாமன் வந்து போயிருந்தார். காலில் முத்து வைத்த கொலுசு, கையில் தடித்த காப்பு, இடுப்பில் கறுப்புக் கயிறு போய்ப் பளபளவென்று வெள்ளி அரைஞாண். குழந்தை ஒரு சின்ன தேர் மாதிரி வந்தான்.

எனக்கு அன்று வரிசையில் இருபது குழந்தைகள். வேன் வேறு சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். துணியைக் கழற்றினேன்.

"கொலுசு காப்பு எல்லாம் கயட்டணுமா சிஸ்டர்?" என்று அந்த அக்கா கேட்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் கேட்டார். தெளிவாகக் கேட்டார்.

"இருக்கட்டும்க்கா, அழகா இருக்கு," என்றேன் நான்.

அரைஞாணைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அரைஞாண் இருக்கட்டும் என்பதுதான் என் பாட்டாயிற்றே. போதாததற்கு, மணியைப் பையிலிருந்து எடுக்கச் சோம்பல்பட்டு, அவன் காலை ஒரு பக்கமாக ஆட்டி, கொலுசுச் சத்தத்துக்குத் திரும்புகிறானா என்று பார்த்து, 'ஒலி வரும் திசையில் திரும்புகிறான்' என்று எழுதி டிக்கும் போட்டேன்.

மெஷின் ஆறு கிலோ முந்நூற்று நாற்பது காட்டியது.

அங்கன்வாடியில் நான் குதித்ததை அந்த ஊர்க் குழந்தைகள் இன்னும் நடித்துக் காட்டுவதாகக் கேள்வி. ஒரே வாரத்தில் இருநூற்று நாற்பது கிராம். என் கஞ்சி, என் கடலெண்ணெய், என் கச்சேரி. புள்ளியை வைத்து, கீழே இருந்த புள்ளியோடு கோடு இழுத்தேன். கோடு மலைப்பாதை மாதிரி எழுந்து நின்றது. நர்சம்மா தன் சின்ன நோட்டில் பையனின் பெயரை அடித்தார். அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேனில் மலையிறங்கும்போது முழு வழியும் நான்தான் பேசினேன்.

"ஒரு வாரத்துல இவ்ளோ ஏறுமாடி?" என்றாள் உளுந்தூர்பேட்டைக்காரி, கிழங்கை உரித்துக்கொண்டு.

"ஒனக்குப் பொறாம."

"இருக்கட்டும். ஏறுமான்னுதான் கேட்டேன்."

அன்று இரவே ஆய்வுக் குறிப்பில் 'செவிலியர் ஆலோசனையின் பலன்' என்று தலைப்புப் போட்டு, பச்சை மையில் அடிக்கோடும் இட்டேன்.

மூன்றாவது வாரம் பையன் சத்தமில்லாமல் வந்தான். அது எனக்கு உறைக்கவில்லை. மெஷினில் படுக்க வைத்தேன். ஆறு கிலோ நூற்றுப் பத்து.

மறுபடி வைத்தேன். அதே எண். மெஷின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. அங்கன்வாடியில் இருந்த ஒரு கிலோ சத்துமாவுப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ என்று நிதானமாகச் சொன்னது மெஷின். ஒரே வாரத்தில் இருநூற்று முப்பது கிராம் இறங்கினால் அது சாதாரணம் இல்லை. வயிற்றுப்போக்கா, வாந்தியா, பால் குடிக்கிறானா என்று அடுக்கினேன்.

"ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரிதான் ஊட்டிக்கினு இருக்கறேன்." என்றார் அந்த அக்கா, பையனின் வயிற்றைத் தடவியபடி.

அவர் மகள் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி, தம்பியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டிவிட்டு ஏமாற்றத்தோடு சொன்னாள்: "போன வாரம் தம்பி ஜல்ஜல்னு இருந்தான். இப்ப சத்தமே வரல."

உளுந்தூர்பேட்டைக்காரி எழுதுவதை நிறுத்தினாள். நான் பையனின் இடுப்பைப் பார்த்தேன். கறுப்புக் கயிறு.

"கொலுசெல்லாம் எங்கக்கா?"

"காலு செவந்து போச்சுனு கயட்டிட்டேன் சிஸ்டர். அரைஞாணு இடுப்புலயே நிக்கல, வழுக்கி வழுக்கித் தொடைக்கு வந்துடுது. எங்கண்ணன் ஏழு மாசப் புள்ளைக்குனு சொல்லித்தான் வாங்கினு வந்தாரு. இவனுக்குப் பெருசு. பொட்டில வெச்சிட்டேன்."

வெள்ளிக்குத் தெரிந்திருந்தது. ஏழு மாதக் குழந்தையின் இடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அது ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. புத்தகம் படித்த எனக்குத்தான் கேட்கவில்லை.

மகள் ஓடிப்போய், அப்பாவிடம் கேட்டு, துணியில் முடிந்து எடுத்துவந்தாள். மெஷினில் கொட்டினேன். இருநூற்றுப் பத்து கிராம். போன வாரம் பையன் ஏறியது முப்பது. இந்த வாரம் அதிலும் இருபது போயிற்று. இரண்டு வாரக் கஞ்சிக்குப் பத்து கிராம். கோடு ஏறவே இல்லை. அது படுத்த இடத்தில்தான் படுத்திருந்தது. மேலே நின்றது தாய்மாமனின் வெள்ளி.

நர்சம்மா அடுத்த தெருவில் தடுப்பூசி பார்க்கப் போயிருந்தார். அங்கன்வாடி டீச்சர் உள்ளே முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். கணக்கு தெரிந்தது எங்கள் மூன்று பேருக்கும், நாலரை வயது சாட்சிக்கும் மட்டும்.

அந்த அக்கா என் கையைப் பிடித்தார். "சிஸ்டர், ஒன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. போன வாரம் வெச்ச புள்ளி அப்பிடியே இருக்கட்டுமே. அடுத்த வாரம் நான் எப்பிடியாவது ஏத்திடறேன். பாதிக் காடு இன்னும் புடுங்கல. இவள வுட்டுட்டு நான் எப்பிடிக் கீழ போவேன்?"

உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் புள்ளி அப்படியே இருந்தால் எனக்கும் வசதிதான். பச்சை மைத் தலைப்பு பிழைக்கும். குதித்தது வீணாகாது. நான் அட்டையைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன். அவன் வெறும் உடம்போடு மெஷினில் படுத்து, கண்ணை உருட்டி என் பொத்தானைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தான். ஏழு மாதத்தில் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான். எடை மட்டும் ஏன் ஏறவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊட்டுவதில் குறை இல்லை என்றால், வேறெங்கோ இருக்கிறது.

"அக்கா, நீங்க ஊட்டினதெல்லாம் எங்கியோ போவுது. எங்கன்னு மேல இருந்து எங்களால பாக்க முடியாது," என்றேன். "தப்பு என்னோடது. நீங்க கேட்டீங்க, நான்தான் இருக்கட்டும்னேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

போன வாரப் புள்ளியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் கையெழுத்து. என் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஒரு நாளும் வந்ததில்லை. நர்சம்மா வந்ததும் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெள்ளியைக் கையில் தூக்கிப் பார்த்து, "நானும் பாத்துக்கினுதான நின்னேன்," என்றார். பிறகு சின்ன நோட்டை எடுத்து, அடித்த பெயரை மறுபடி எழுதினார். வண்டி மறுநாளே போனது. அந்த அக்கா மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். மிச்ச மரவள்ளியை வீட்டுக்காரரும் அவர் தங்கையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

எங்களுக்கு அடுத்த வாரமே கீழே குழந்தைகள் வார்டில் பணி. நான் உள்ளே நுழைந்ததும் மூன்றாவது கட்டிலிலிருந்து அந்த அக்கா மகளிடம் சொன்னது கேட்டது.

"வந்துட்டாங்கடி, அழகா இருக்குன்னவங்க."

வார்டு முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்துக் கட்டில் வடக்கனந்தல்காரம்மாகூட, "அழகா இருக்குன்னவங்கள கூப்பிடு, டிரிப்ஸ் முடிஞ்சு போச்சு," என்பார்.

டாக்டர் வெகுநேரம் உட்கார்ந்து கேட்டபோதுதான் அந்த அக்கா சொன்னார்: மூத்திரம் போகும் முன்னால் பையன் முனகுவானாம், முகம் சிவக்குமாம், சில சாயங்காலம் உடம்பு லேசாகச் சுடுமாம். மலையில் இதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் மணி அடித்தேன், பந்து ஆட்டினேன், கஞ்சி பற்றிப் பேசினேன். கேட்கவில்லை.

சிறுநீர் பரிசோதனைக்குப் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். சுத்தமாக, பாட்டிலில், தரையிலும் துணியிலும் படாமல். அந்த வேலை யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழந்தையைக் கழுவித் துடைத்து, பால் குடிக்க வைத்து, அம்மாவின் மடியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான் எதிரே மண்டியிட்டு பாட்டிலை ஏந்திக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். அடிவயிற்றை விரலால் லேசாகத் தட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அரை மணி நேரம். எனக்கு முட்டி மரத்தது.

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க சிஸ்டர்," என்றார் அந்த அக்கா. மலையிலிருந்து இறங்கியபின் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

பின்னால் மகள், "சிஸ்டர், பத்துக் கட்டையும் நிக்குது," என்று கத்தினாள். எட்டுக்கு மேல் அவள் கட்டியதே இல்லை. நான் ஒரே ஒரு நொடி திரும்பினேன். அந்த நொடிக்காகத்தான் அவன் அவ்வளவு நேரம் காத்திருந்தான் போலிருக்கிறது. பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. என் சீருடை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

அந்த அக்கா சிரித்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். உளுந்தூர்பேட்டைக்காரி நிதானமாக ஒரு துண்டை எடுத்து வந்து என்னிடம் கொடுத்து, பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை அவள் பிடித்தாள். நாற்பது நிமிடம் கண்ணை எடுக்கவில்லை.

சிறுநீரில் கிருமி இருந்தது. ஊட்டியதையெல்லாம் அதுதான் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மருந்து ஆரம்பித்தார்கள். நான்காம் நாளிலிருந்து முனகல் நின்றது. அதன் பிறகு பையன் சாப்பிட ஆரம்பித்தான் பாருங்கள், கிண்ணத்தைப் பிடித்து இழுத்து, கரண்டியைக் கடித்து. அந்த அக்கா மலையில் நான் சொன்ன அதே கஞ்சியைத்தான் வார்டு சமையலறையில் கேட்டு வாங்கி ஊட்டினார்; கரண்டியைக் கவிழ்த்து எனக்குக் காட்டவும் செய்தார், ஓடவில்லை பார் என்று.

வீட்டுக்குப் போகும் நாள் காலை, எடை. முந்தின நாள் பார்க்க வந்த தாய்மாமன் வெள்ளியை எல்லாம் மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அக்கா பையனைக் கட்டிலில் கிடத்தி, கொலுசைக் கழற்றினார், காப்பைக் கழற்றினார். ஒரு புதுக் கறுப்புக் கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டு, அதன் பிறகு வெள்ளி அரைஞாணைக் கழற்றினார். கொக்கி ஒரே ஒரு கண்ணி உள்ளே தள்ளி மாட்டியிருந்தது.

"இப்ப வழுக்கல. நிக்குது," என்றார். எல்லாவற்றையும் சேர்த்து என் இரண்டு கையிலும் வைத்தார். "இந்தாங்க, நீங்களே புடிச்சிக்கினு நில்லுங்க. கையி சும்மா இருந்தா ஒங்களுக்கு எழுதத் தோணும்."

பையனை அவரே மெஷினில் படுக்க வைத்தார். அவன் காலை உதைத்தான். எண்கள் மேலும் கீழும் ஓடின. ஆறு அறுநூறு, ஆறு நானூறு, ஆறு ஐந்நூற்றுச் சொச்சம். எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது.

"இருங்க," என்றார் அவர், மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நிக்கட்டும்."

நின்றது. ஆறு கிலோ ஐந்நூற்று நாற்பது. அவர்தான் படித்தார், ஒவ்வொரு எண்ணாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி. நான் கை நிறைய வெள்ளியோடு, எழுத முடியாமல் நின்றேன். புள்ளியை உளுந்தூர்பேட்டைக்காரி வைத்தாள்.